அம்மாவுக்கு எதுக்கு வீல்சேர்?

மேனாம்பேட்டிலிருந்து இன்னொரு எபிசோட். ஆரம்பத்துலயே ஒண்ணு தெளிவுபடுத்திடறேன். மேனாம்பேடு வேற, மீனம்பாக்கம் வேற. "எங்க வீடு மேனாம்பேடு"ன்னு சொன்னா பாதி பேர் "ஓ, ஏர்போர்ட் பக்கமா, வசதிதான்"னு சொல்றாங்க. இல்லங்க. நாங்க அம்பத்தூர். ஏர்போர்ட் ஊரோட அந்தக் கோடி. பைபாஸ் பிடிச்சு, போரூர்ல இறங்கி, மெட்ரோ வேலை நடக்கற மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டுல ஊர்ந்து, கத்திப்பாரா தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுல போய்ச் சேர்றதுக்குள்ள, சில நாள் பெங்களூருக்கே பறந்து போயிடலாம் போல இருக்கும்.

இன்னைக்குப் பேசப்போறது அந்த ஏர்போர்ட்டைப் பத்திதான். குறிப்பா டி2, இன்டர்நேஷனல் டெர்மினல். நீங்க போறதுக்கு டிப்ஸ் சொல்லப்போறதில்லை. உங்களுக்கு மொபைல் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு, எப்படியாவது போயிடுவீங்க. உங்க அம்மா தனியா போறாங்கன்னா என்ன ஆகும், அதுதான் இன்னைக்கு விஷயம். நம்ம வயசுல இருக்கற நிறைய பேர் வீட்டுல இது நடக்குது. அக்காவுக்கோ அண்ணிக்கோ வெளிநாட்டுல பிரசவம். அப்பாவுக்கு லீவு கிடையாது. நமக்கும் கிடையாது. வாழ்க்கையில முதல் தடவையா ஃப்ளைட் ஏறற ஒரு அம்மா, 55, 60 வயசுல, பாதி உலகத்தைத் தனியா சுத்திப் போகணும்.

ரயிலா இருந்தா நமக்கு ஒரு முறை இருக்கு. பிளாட்ஃபார்ம் டிக்கெட் வாங்கி உள்ள போவோம். கோச் கண்டுபிடிச்சு, பெட்டியை சீட்டுக்கு அடியில தள்ளி, எதிர் சீட்டுக்காரர்கிட்ட "அம்மா தனியா வர்றாங்க, கொஞ்சம் பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு, வண்டி நகர்ற வரைக்கும் ஜன்னல் ஓரமா நிப்போம். கஷ்டமான வேலையெல்லாம் முடிஞ்ச பிறகுதான் டாட்டா. ஏர்போர்ட்ல இது தலைகீழ். வாசல்ல சிஐஎஸ்எஃப் வீரர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்ப்பார். டிக்கெட் இருக்கறவங்க உள்ள, நீங்க வெளிய. முதல் கஷ்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே டாட்டா சொல்லிடணும். அப்புறம் கண்ணாடி வழியா எட்டிப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

டி2 நல்ல கட்டடம். அதைச் சொல்லிடணும். 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி திறந்தாங்க. 1,260 கோடி ரூபாய் செலவு. அந்த வருஷம் ஜூலையில இன்டர்நேஷனல் ஃப்ளைட்டெல்லாம் அங்க மாறிச்சு. பழைய அண்ணா டெர்மினல் இப்போ டி4, உள்நாட்டுக்கு. கோலம், புடவை, கோயில் கட்டடம்னு நம்ம ஊர் அடையாளங்களை வெச்சு அலங்காரம் பண்ணியிருக்காங்க. வெளிச்சம், உயரம், இடம் எல்லாம் தாராளம். ஆனா எங்க அம்மா முதல் தடவை அந்த வாசல்ல நின்னு உள்ள பார்த்துட்டுச் சொன்னது: "எவ்ளோ பெருசுடா... இதுல யாரைக் கேக்கறது?" கட்டினவங்க பெருசா இருக்கறது வசதின்னு நினைச்சிருப்பாங்க. தனியா போறவங்களுக்கு அது பயம்.

உள்ள நடக்கறது அஞ்சு க்யூ. வாசல், செக்-இன், இமிகிரேஷன், செக்யூரிட்டி, கடைசியா கேட். நமக்கு இது பழகின பைப்லைன், ஒண்ணு முடிச்சா அடுத்தது. முதல் தடவை போறவங்களுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு யூனிஃபார்ம், ஒவ்வொருத்தரும் வேற காகிதம் கேக்கறாங்க. செக்-இன்ல விசா காட்டு. இமிகிரேஷன்ல பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் காட்டு. எங்க போறே, எதுக்கு, யார் வீட்டுல தங்கப்போறே. அதை முடிச்சு வந்தா செக்யூரிட்டில எல்லாத்தையும் பிடுங்கி ட்ரேல வைக்கச் சொல்றாங்க. கைப்பையும் இல்லாம, போனும் இல்லாம ஒரு நிமிஷம் வெறுங்கையோட நிக்கணும். அந்த ஒரு நிமிஷம் பெரியவங்களுக்கு ரொம்ப நீளமான நிமிஷம்.

"தாலியைக் கழட்டச் சொல்வாங்களா?" இந்தக் கேள்வியை எங்க தெருவுல நாலு ஆன்ட்டி என்கிட்ட கேட்டிருக்காங்க. எந்த டிராவல் வீடியோலயும் இதுக்குப் பதில் பார்த்ததில்லை. பெண்களுக்குத் தனித் தடுப்பு இருக்கு, பெண் காவலர்தான் சோதிப்பாங்க. சத்தம் வந்தா கைக்கருவியால பார்ப்பாங்க. எங்க அம்மாவைக் கழட்டச் சொல்லல. இதை முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா பாதி படபடப்பு அங்கேயே இறங்கிடும்.

இப்போ வீல்சேருக்கு வர்றேன்.

2023 டிசம்பர்ல அக்காவோட முதல் பிரசவத்துக்கு அம்மா அமெரிக்கா போனப்போ, அக்காதான் அங்கிருந்து டிக்கெட் போட்டா. போடும்போதே வீல்சேருக்கு டிக் பண்ணிட்டா. "எல்லாரும் அப்படித்தான்டா பண்றாங்க, கொண்டு போய் ஃப்ளைட்ல உக்கார வெச்சுடுவாங்க." அது உண்மைதான். அம்மாவுக்கு முட்டி வலி கிடையாது. தினமும் மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு நடந்து போய், ரெண்டு பை காய்கறியோட நடந்தே வர்றவங்க. அவங்களுக்கு எதுக்கு வீல்சேர்? இங்கிலீஷ் தெரியாது, இந்தி தெரியாது. அதுக்குத்தான்.

நீங்களே கவனிச்சிருப்பீங்க. இந்தியாவிலிருந்து அமெரிக்கா போற ஃப்ளைட் வாசல்ல வீல்சேர் வரிசையா நிக்கும். இறங்கற இடத்துல அதுல பாதி பேர் எழுந்து சாதாரணமா நடந்து போவாங்க. வெளிநாட்டுல இதை "அதிசய விமானம்"னு கிண்டல் பண்றாங்க, ஏதோ ஏசுநாதர் தொட்டு எழுப்பின மாதிரி. எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்கறதில்லை. எங்க தொழில்ல ஒண்ணு சொல்லுவோம். ஒரு பட்டனை அது எதுக்கு வெச்சதோ அதுக்கு இல்லாம, ஆயிரம் பேர் வேற ஒண்ணுக்குப் பயன்படுத்தினா, ஆயிரம் பேரும் முட்டாள் கிடையாது. அந்த வேற ஒண்ணுக்கு பட்டனே இல்லைன்னு அர்த்தம். "எனக்கு வழி தெரியாது, கூட ஒருத்தர் வாங்க"ங்கற பட்டன் டிக்கெட் பக்கத்துல கண்ணுல படறதில்லை. வீல்சேர் பட்டன் படுது. மக்கள் அதை அமுக்கறாங்க.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு, அது அம்மா தலையில விழுந்தது. நடுவுல மாறின ஏர்போர்ட்ல, பேர் வேண்டாம், அம்மாவைத் தள்ளிட்டுப் போய் வீல்சேர்காரங்களுக்கான ஒரு மூலையில நிறுத்திட்டு, பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் வாங்கிட்டு அந்த ஊழியர் போயிட்டார். நாலு மணி நேரம். அங்க இருபது பேர் இதே மாதிரி உக்கார்ந்திருந்தாங்களாம். எதிர்லயே பாத்ரூம் போர்டு தெரியுது. அம்மா எழுந்து போகல. ஏன்னு கேட்டேன். "நடக்க முடியாதுன்னு சொல்லித்தானே வண்டியில உக்கார வெச்சிருக்கீங்க. எழுந்து நடந்தா திட்டுவாங்களோன்னு பயமா இருந்துச்சு." பாத்ரூம் போக வேண்டி வரும்னு தண்ணியும் குடிக்கல. இதை அவங்க எங்ககிட்ட சொன்னதே திரும்பி வந்து ரெண்டு மாசம் கழிச்சு, ஏதோ பேச்சுவாக்குல.

வீல்சேர்ல உக்கார்ந்தா நீங்க பயணி இல்லை, லக்கேஜ். முதல்ல ஏத்துவாங்க, கடைசியா இறக்குவாங்க, நடுவுல எங்க நிறுத்தறாங்களோ அங்க நிப்பீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. உண்மையா நடக்க முடியாதவங்க. 2024 பிப்ரவரியில நியூயார்க்கிலிருந்து மும்பை வந்த ஒரு தம்பதி ரெண்டு பேருக்கும் வீல்சேர் கேட்டிருந்தாங்க. வந்தது ஒண்ணு. மனைவி அதுல உக்கார, 80 வயசான அந்தப் பெரியவர் கூடவே நடந்தார். இமிகிரேஷன் பக்கத்துல மயங்கி விழுந்து இறந்துட்டார். வீல்சேருக்கு அன்னைக்கு டிமாண்ட் அதிகம், காத்திருக்கச் சொன்னோம்னு ஏர் இந்தியா சொல்லிச்சு. டிஜிசிஏ 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. தேவைக்குத் தக்க வீல்சேர் வைக்க வேண்டியது நிறுவனத்தோட கடமை, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அந்த க்யூவுல எங்க அம்மா மாதிரி நல்லா நடக்கறவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னும் தோணாம இல்லை.

சரி, வேற பட்டனே இல்லையா? இருக்கு, ஒளிச்சு வெச்சிருக்காங்க. விமான நிறுவனங்களோட புக்கிங் சிஸ்டத்துல ஒவ்வொரு உதவிக்கும் நாலெழுத்துக் குறியீடு. வீல்சேர்லயே மூணு வகை. டபிள்யூ-சி-எச்-ஆர்னா படி ஏறுவாங்க, நீண்ட தூரம் நடக்க முடியாது. டபிள்யூ-சி-எச்-எஸ்னா படியும் ஏற முடியாது. டபிள்யூ-சி-எச்-சின்னா சீட் வரைக்கும் தூக்கிட்டே போகணும். உங்க வீட்டுல உண்மையா தேவைப்படறவங்க இருந்தா, "வீல்சேர்"னு மொட்டையா சொல்லாம இதுல எதுன்னு சொல்லிக் கேளுங்க. இது தவிர எம்-ஏ-ஏ-எஸ்னு ஒண்ணு இருக்கு. மாஸ்! (சிரிப்பு) பேருக்கேத்த மாதிரிதான். 'மீட் அண்ட் அசிஸ்ட்'. சக்கரம் கிடையாது. கூட நடந்து வந்து வழிகாட்ட ஆள். வயசானவங்க, முதல் தடவை போறவங்க, மொழி தெரியாதவங்களுக்காகவே இருக்கற குறியீடு. பயணி பேசற மொழி எதுன்னு பதிவு பண்ணவும் தனிக் குறியீடு இருக்கு. வெப்சைட்ல தேடினா கிடைக்காது, போன் பண்ணித்தான் கேக்கணும். எல்லா நிறுவனமும் இலவசமா தர்றதில்லை, எல்லா ஊர்லயும் கிடைக்கறதும் இல்லை. கேட்டா தெரிஞ்சிடும். யாருமே கேக்கலைன்னா அந்த பட்டன் ஒளிஞ்சேதான் இருக்கும்.

ரெண்டாவது குழந்தைக்குப் போக வேண்டி வந்தப்போ அம்மா சொல்லிட்டாங்க. "வண்டி வேண்டாம். நான் நடந்தே போறேன். நீ கத்துக் குடு."

நான் யோசிச்சேன். ட்ரான்சிட் ஏர்போர்ட் மாதிரி சென்னையில என்ன இருக்கு? பலகையைப் பார்த்து நடக்கணும், எஸ்கலேட்டர் ஏறணும், ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறணும், ஸ்கிரீன் பார்த்துச் சரியான பக்கம் நிக்கணும். ஆலந்தூர் மெட்ரோ! பச்சை லைனும் நீல லைனும் ஒண்ணு மேல ஒண்ணு ஓடற ஸ்டேஷன். அம்பத்தூர்லேருந்து பஸ்ல திருமங்கலம், அங்க பச்சை லைன் ஏறி ஆலந்தூர், மாறி நீல லைன்ல ஏர்போர்ட். நேரா ஏர்போர்ட் போற வண்டி வந்தாலும் ஏறக்கூடாதுன்னு விதி வெச்சோம். மாறறதுதானே பாடமே.

முதல் நாள் நான் கூடவே போனேன். ரெண்டாவது நாள் பத்தடி பின்னாடி நடந்தேன். என்கிட்ட எதுவும் கேக்கக்கூடாது, சந்தேகம்னா யூனிஃபார்ம் போட்டவங்களைத்தான் கேக்கணும். மூணாவது நாள் அம்மா தனியா வந்தாங்க, நான் ஏர்போர்ட் ஸ்டேஷன்ல காத்திருந்தேன். எஸ்கலேட்டர்தான் பெரிய வில்லன். புடவைக் கொசுவத்தை ஒரு கையில தூக்கிப் பிடிக்கணும், இன்னொரு கை கைப்பிடியில, அப்போ பெட்டியை யார் பிடிக்கறது? அதனால பெட்டி இருந்தா லிஃப்ட்தான்னு முடிவாச்சு. லிஃப்ட் படம் போட்ட பலகை உலகம் பூரா ஒரே மாதிரி. இதெல்லாம் வீட்டுல உக்கார்ந்து சொல்லிக் குடுக்க முடியாது.

ஸ்டேஷன்லேருந்து பாலம் வழியா டெர்மினல் பக்கம் போய், டி2 வாசலுக்கு எதிர்ல ஒரு மணி நேரம் சும்மா நின்னோம். யார் எந்தக் காகிதத்தை நீட்டறாங்க, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு வேடிக்கை பார்த்தோம். நான் தூரமா டீ குடிச்சுட்டு இருக்கும்போது, அம்மா ஒரு குடும்பத்துகிட்ட பேச்சுக் குடுத்து, அவங்க மருமகளுக்கு என்ன மாசம்ங்கற வரைக்கும் கேட்டு வெச்சிருந்தாங்க.

அப்புறம் பலகை. சென்னையில தமிழ் இருக்கு, வெளியே பெரும்பாலான இடத்துல இல்லை. இங்கயும் அரசுத் தமிழுக்கும் அம்மா தமிழுக்கும் தூரம் உண்டு. இலங்கையில குடிவரவு, குடியகல்வுன்னு ரெண்டு சொல்லும் பேப்பர், ஆபீஸ்னு சர்வசாதாரணமா புழங்குது. நம்ம ஊர்ல "குடியகல்வு"ன்னு சொன்னா எந்த அம்மாவும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, "இமிகிரேஷன்"னா தெரியும். ஆனா கேட் நம்பருக்கு மொழியே வேண்டாம். ஒரு இங்கிலீஷ் எழுத்து, ரெண்டு இலக்கம். பஸ் நம்பர் அதேதானே? தூரத்துல வர்ற பஸ்ஸோட நம்பரையும் அது கட் சர்வீஸாங்கறதையும் நமக்கு முன்னாடி கண்டுபிடிக்கறவங்க நம்ம அம்மாதான். இதைச் சொன்னதும் முகமே மாறிடுச்சு. "அவ்ளோதானா?"ன்னாங்க.

போர்டிங் பாஸ்ல நம்பர் நிறைய இருக்கும். ஃப்ளைட் நம்பர், சீட், வரிசை எண், ரெண்டு விதமான நேரம். செக்-இன் முடிஞ்சதும் கவுன்ட்டர்லயே கேட்டு, மூணை மட்டும் பேனாவால வட்டம் போட்டு வாங்கச் சொன்னேன். ஃப்ளைட் நம்பர், கேட், போர்டிங் நேரம். அடுத்த ஃப்ளைட்டுக்கு கேட் பெரும்பாலும் அச்சாகி இருக்காது. அங்க இறங்கினதும் ஸ்கிரீன்ல ஃப்ளைட் நம்பரைத் தேடணும், சென்ட்ரல்ல ரயில் நம்பரைத் தேடற மாதிரி. அறிவிப்பை நம்பி உக்காரக்கூடாது. பெரிய ஏர்போர்ட்ல இப்போ அறிவிப்பே குறைச்சுட்டாங்க, துபாய் ரொம்ப வருஷமா அப்படித்தான். கேட்டுக்குப் போனப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நம்பர் மாறலையேன்னு பார்க்கணும்.

வழி சொல்றதுக்கு நமக்கு எப்பவுமே அடையாளம் வேணும், பிள்ளையார் கோயில் தாண்டி லெஃப்ட் மாதிரி. தோஹா வழியா போறவங்களுக்கு வசதி. நடு ஹால்ல விளக்கு சொருகின ஒரு பெரிய மஞ்சள் கரடி பொம்மை, ஏழு மீட்டர் உயரம். "கரடிகிட்ட வந்துட்டியா?"ன்னு கேட்டா போதும். உங்க ரூட்ல எந்த ஏர்போர்ட்டோ, அங்க இருக்கற கரடியை முதல்ல கண்டுபிடிங்க.

போன் பத்தி. துபாய், அபுதாபி வழியா போனா அங்க வாட்ஸப் கால் வேலை செய்யாதுன்னு வெச்சுக்கோங்க, அந்த நாட்டுல இன்டர்நெட் காலுக்குக் கட்டுப்பாடு. வாய்ஸ் மெசேஜ் போகும். இதைச் சொல்லாம அனுப்பினீங்கன்னா அவங்க அங்க போன் பண்ணிப் பண்ணிப் பயந்துடுவாங்க, நீங்க இங்க பயந்துடுவீங்க. அபுதாபியில இன்னொண்ணு. அமெரிக்கா போற ஃப்ளைட்டுக்கு அமெரிக்க இமிகிரேஷனை அங்கேயே முடிச்சுடுவாங்க. க்யூ கூடும், அதனால ட்ரான்சிட் நேரம் தாராளமா இருக்கற டிக்கெட்டா பாருங்க. பலன் என்னன்னா, அமெரிக்காவுல இறங்கினா உள்ளூர் பயணி மாதிரி நேரா வெளிய வந்துடலாம்.

தேதி! இது ரொம்ப முக்கியம். வளைகுடா வழியா போற ஃப்ளைட் நிறைய விடியற்காலை கிளம்பும். டிக்கெட்ல 12-ஆம் தேதி காலை 3:50னு இருந்தா 11-ஆம் தேதி ராத்திரி 12-க்கு முன்னாடியே ஏர்போர்ட்ல இருக்கணும். காலண்டர்ல 11-ல வட்டம் போடுங்க. அந்த நேரத்துக்கு மெட்ரோவை நம்பாதீங்க. கவுன்ட்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடும்.

பெட்டியில கொப்பரைத் தேங்காய் வைக்காதீங்க. விளையாட்டுக்குச் சொல்லல, கொப்பரை தானா தீப்பிடிக்கக்கூடிய பொருள்னு விமானச் சரக்கு விதிகள்லயே இருக்கு. பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான். மாத்திரையும் கைப்பையிலதான், டாக்டர் சீட்டோட. ஈசிஆர் பாஸ்போர்ட் பத்தியும் கேட்டிருந்தீங்க. பத்தாவது முடிக்காத சில அம்மாக்களுக்கு அது வரலாம். அந்தக் கிளியரன்ஸ் வேலைக்குப் போறவங்களுக்கு, அதுவும் 18 நாடுகளுக்குத்தான். பேரக்குழந்தையைப் பார்க்கப் போறவங்க கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு ஒண்ணு, அடிக்கடி போறவங்களா இருந்தா ஃபாஸ்ட் ட்ராக் இமிகிரேஷன்ல பதிஞ்சு வெச்சுக்கோங்க. 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் இருக்கு, இலவசம்.

ரெண்டாவது பயணம் எப்படிப் போச்சுன்னு கேப்பீங்க. ட்ரான்சிட்ல ஒரு தடவை தப்பான பக்கம் நடந்து, ஒரு க்ளீனிங் அக்காகிட்ட போர்டிங் பாஸைக் காட்டி, திரும்பி வந்தாங்களாம். அந்த அக்கா ஸ்ரீலங்காக்காரங்க, தமிழ் பேசினாங்களாம். அதுக்கப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துது, பதினாலு விநாடி. "கேட்டு கிட்ட வந்துட்டேன்டா. பாத்ரூம் போயிட்டு வந்துட்டேன். டீ நானூறு ரூவாயாம், வேணாம்னுட்டேன்."

உங்க வீட்டுல யாராவது எம்-ஏ-ஏ-எஸ் கேட்டு வாங்கியிருந்தா எந்த ஏர்லைன், எந்த ஊர், காசு வாங்கினாங்களான்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சேர்த்து வெச்சு ஒரு எபிசோடா போடலாம். அடுத்த வாரம் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுலேருந்து பேசறேன். வரேன் மக்களே.